பிபி சரியாக இருந்தால் மூளைக்கு ரத்தம் சரியாகப் போகிறது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 68 வயது. பெரிய ஹார்ட் அட்டாக் வந்து ஐசியூவில் இருக்கிறார். எக்கோவில் இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். மருந்து போட்டு பிபியை நார்மலாக வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆள் தெளிவாக இல்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், திரும்பவும் தூங்கிவிடுகிறார். மூளையில் அடைப்பு எதுவும் இல்லை என்று ஸ்கேன் சொல்கிறது. இதயம் பலவீனமானால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையுமா? பிபிதான் சரியாக இருக்கிறதே?"

குறையும். பிபி சரியாக இருக்கும்போதும் குறையலாம். உங்கள் அப்பாவுக்கு அதுதான் நடக்கிறது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால், ஐசியூவில் அவர்கள் எதை எதற்காகச் செய்கிறார்கள், நீங்கள் என்ன கேட்கலாம் என்பது ஓரளவு தெளிவாகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் 700 மி.லி.க்கு மேல் மூளைக்குப் போகிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மி.லி. என்று கணக்கு. இது 20 மி.லி.க்குப் பக்கத்தில் இறங்கினால் மூளை செல்களின் மின்செயல்பாடு தடுமாறும். 10 மி.லி.க்குக் கீழே போய் அப்படியே நின்றால் செல்கள் சாகத் தொடங்கும். தசையைப் போல மூளைக்குக் கையிருப்பு கிடையாது. ரத்த ஓட்டம் முழுவதுமாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

இவ்வளவு பசியுள்ள உறுப்பு என்பதால் உடல் அதற்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. அழுத்தம் கூடினால் மூளையின் சிறு தமனிகள் சுருங்கிக்கொள்ளும், குறைந்தால் விரிந்துகொள்ளும். இப்படி உள்ளே போகும் ரத்தம் ஒரே அளவில் நிற்கும். ஆட்டோரெகுலேஷன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கோபன்ஹேகனைச் சேர்ந்த நீல்ஸ் லாசன் 1959இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் மருத்துவ மாணவர்களின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சராசரி அழுத்தம் (பிபியின் மேல், கீழ் எண்களுக்கு நடுவே வரும் ஒற்றை எண்) சுமார் 60இலிருந்து 150 வரை எங்கே இருந்தாலும் மூளையின் ரத்த ஓட்டம் நேர்கோடாக நிற்கும் என்று அது காட்டுகிறது. பல தலைமுறை டாக்டர்கள் இதை நம்பித்தான் "சராசரி 65க்கு மேல் இருக்கிறது, மூளை பத்திரம்" என்று சொல்லி வந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கோடு ஒரே மனிதரை அளந்து வரைந்ததல்ல. வெவ்வேறு நோயாளிகளிடம், வெவ்வேறு ஆய்வுகளில் கிடைத்த சராசரிகளை ஒன்றாக வைத்து வரைந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லை எங்கெங்கோ இருக்கிறது. இதய அறுவை சிகிச்சையில், இதயத்தின் வேலையைச் செய்யும் பைபாஸ் இயந்திரம் ஓடும்போது அளந்து பார்த்தார்கள். மூளையின் பாதுகாப்பு கைவிட்டுப் போகும் கீழ் எல்லை, சிலருக்குச் சராசரி அழுத்தம் 43 போன்ற இடத்தில் இருந்தது, சிலருக்கு 90 வரை போனது. பல வருடங்களாக பிபி உள்ளவர்களுக்கு இந்த எல்லை மேலே நகர்ந்திருக்கும் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 1970களிலேயே காட்டிவிட்டார்கள். வீட்டில் 160/95 என்று வாழ்ந்த மனிதருக்கு ஐசியூவில் 110/60 என்பது மானிட்டரில் அழகாகத் தெரியும். அவருடைய மூளைக்கு அது போதாமல் இருக்கலாம். அதனால்தான் நோயாளியின் பழைய பிபி என்ன என்று வீட்டாரிடம் கேட்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தகவல் எந்த இயந்திரத்திலும் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

சரி, அழுத்தம் ஒரு பக்கம். இதயம் எங்கே வருகிறது?

பிபி என்பது இரண்டின் பெருக்கல்: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப்பின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். பைப்புக்குள் அழுத்தம் ஏறும், வெளியே வரும் தண்ணீர் குறையும். ரத்தக் குழாயை மட்டும் சுருக்கும் மருந்து பலவீனமான இதயத்துக்கு இதையே செய்யக்கூடும். எண் ஏறும். ஆனால் இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயம் வெளியேற்றும் அளவு இன்னும் குறையும். மயக்க மருந்து நிபுணர்கள் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். குழாயை மட்டும் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் கொடுத்து பிபியை ஏற்றினால், நெற்றியில் ஒட்டிய சென்சாரில் மூளையின் ஆக்சிஜன் அளவு சற்று இறங்குகிறது. இதயத்தையும் சேர்த்துத் தூண்டும் எஃபிட்ரின் கொடுத்து அதே அளவு ஏற்றினால் அப்படி இறங்குவதில்லை. இரண்டிலும் மானிட்டரில் தெரியும் பிபி ஒன்றுதான்.

இதற்காக, ஐசியூவில் பிபியை ஏற்றக் கொடுக்கும் நோர்அட்ரினலின் தவறான மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலையில், இருப்பவருக்கு அழுத்தம் முதலில் வேண்டும், அது இல்லாமல் எதுவும் நடக்காது. நான் சொல்வது, அழுத்தம் வந்த பிறகும் "இதயம் எவ்வளவு தள்ளுகிறது?" என்ற கேள்வி பாக்கி இருக்கிறது என்பது. அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் டோபுட்டமின், மில்ரினோன் மாதிரி இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்து சேர்ப்பதா, திரவம் கொடுப்பதா, அல்லது தேங்கிய நீரை எடுப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

இதயம் தள்ளும் அளவு குறைந்தால் மூளைக்கும் அதே விகிதத்தில் குறைந்துவிடுமா என்றால், இல்லை. உடல் முதலில் தோலிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் கை வைக்கும். அதனால்தான் கை கால் சில்லிடுவதும் சிறுநீர் குறைவதும் முதலில் தெரிகின்றன. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த ஒரு மதிப்பாய்வின்படி, இதயம் வெளியேற்றும் அளவு 30 சதவீதம் குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் சுமார் 10 சதவீதம் குறைகிறது. அழுத்தம் மாறாதபோதும் இது நடக்கிறது. ஆரோக்கியமான மூளை 10 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஐசியூ நோயாளிக்கு ரத்த சோகை இருக்கலாம், கழுத்துத் தமனியில் பாதி அடைப்பு இருக்கலாம், காய்ச்சல் இருக்கலாம். அவருக்கு அந்த 10 சதவீதம் பெரிய தொகை. நாள்பட்ட கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூளையின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்ததும், இதய மாற்று அறுவைக்குப் பின் அது ஏறக்குறைய இயல்பு நிலைக்குத் திரும்பியதும் 2001இல் வெளியான ஒரு ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மூளை கெட்டுப்போகவில்லை, கிடைக்க வேண்டியது கிடைக்காமல்தான் இருந்தது.

இப்போது அந்த 30 சதவீதத்துக்கு வருகிறேன். எக்கோ ரிப்போர்ட்டில் வரும் இந்த எண் குடும்பங்களை அதிகம் பயமுறுத்துகிறது, அதிகம் தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்பது அதன் பொருள் அல்ல. இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதுதான் அது. சுருக்கமாக இஎஃப் என்பார்கள். இயல்பான இதயமே 55 முதல் 70 வரைதான் காட்டும், 100 யாருக்கும் வராது. பல வருடங்களாக வீங்கிப் பெரிதான இதயம் 200 மி.லி. நிரம்பி அதில் 30 சதவீதம் தள்ளினால் துடிப்புக்கு 60 மி.லி. ஆரோக்கியமான இதயம் 100 மி.லி. நிரம்பி 60 சதவீதம் தள்ளினாலும் அதே 60 மி.லி.தான். ஆனால் திடீரென்று வந்த ஹார்ட் அட்டாக்கில் இதயத்துக்குப் பெரிதாக நேரம் கிடைத்திருக்காது. 100 மி.லி.யில் 30 சதவீதம் என்றால் துடிப்புக்கு 30 மி.லி.தான், நிமிடத்துக்கு 100 துடித்தாலும் 3 லிட்டர். ஆகவே "இஎஃப் எவ்வளவு?" என்பதோடு நின்றுவிடாமல் "ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது?" என்றும் கேளுங்கள். எக்கோ கருவியை மார்பில் வைத்து, மகாதமனி தொடங்கும் இடத்தில் ரத்தம் பாயும் வேகத்தை அளந்தாலே இது தெரிந்துவிடும். சில நிமிட வேலை. மருந்தை மாற்றிய பிறகு மறுபடி அளந்து பலன் தெரிந்ததா என்றும் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், சிறியதாகத் தெரியும், ஆனால் நான் இதில் கறாராக இருப்பவன். கையில் தமனிக்குள் ஊசி வைத்து பிபி அளப்பார்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் டிரான்ஸ்டியூசர் என்ற சின்னக் கருவி கட்டிலோரக் கம்பியில் மாட்டியிருக்கும். அதை இதயத்தின் மட்டத்துக்கு வைத்தால் இதய மட்டத்தின் அழுத்தத்தைக் காட்டும். ஐசியூவில் பெரும்பாலும் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வைக்கிறோம். அப்போது காது மட்டம் இதயத்தைவிட 13 செ.மீ. அளவுக்கு மேலே இருக்கும். 13 செ.மீ. உயரத்துக்கு ரத்தம் ஏற வேண்டும் என்றால் ஏறத்தாழ 10 மி.மீ. பாதரசம் கழிந்துவிடும். மானிட்டரில் சராசரி 77 என்றால் மூளைக்குக் கிடைப்பது 67தான். தலையில் அடிபட்டு மண்டைக்குள் அழுத்தம் 20 இருப்பவருக்கு அதையும் கழித்தால் மிஞ்சுவது 47. டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்தில் வைத்துக் கணக்குப் போட்டவர் அதை 57 என்று நினைத்துக்கொண்டிருப்பார். தலைக்காயத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல் இந்த எண் 60க்கும் 70க்கும் நடுவே இருக்க வேண்டும் என்கிறது. மூளைக்கான அழுத்தத்தைக் கணக்கிடும்போது டிரான்ஸ்டியூசரைக் காது மட்டத்தில் வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ரத்தம் உள்ளே போவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், வெளியே வருவதை மறந்துவிடுகிறோம். மூளையிலிருந்து திரும்பும் ரத்தம் கழுத்துச் சிரைகள் வழியாக இதயத்தின் வலது பக்கத்துக்கு வர வேண்டும். வலது பக்கம் தளர்ந்துபோய் ரத்தம் தேங்கினால், அல்லது வென்டிலேட்டர் நெஞ்சுக்குள் அதிக அழுத்தம் கொடுத்தால், சிரை அழுத்தம் ஏறும். உள்ளே தள்ளும் அழுத்தம் மாறாமலே மூளையின் பங்கு குறையும். நுரையீரல் நீர் கோர்த்து, கழுத்துச் சிரை புடைத்திருக்கும் இதய நோயாளிக்கு நீரை வெளியேற்றினால் சில சமயம் மூளையும் தெளிகிறது என்பதற்கு இது ஒரு காரணம். மூச்சுக்காகப் போட்ட செயற்கைக் குழாயைக் கட்டியிருக்கும் நாடா கழுத்தை இறுக்கினாலும், தலை ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தாலும் இதே தொல்லைதான். நல்ல ஐசியூ நர்ஸ் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்ததும் தலை நேராக இருக்கிறதா, நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். மருந்தே இல்லாத மூளைச் சிகிச்சை அது.

கார்பன் டை ஆக்சைடைச் சொல்லாமல் போக முடியாது. மூளையின் ரத்தக் குழாய்களை அதுதான் மிக வேகமாக ஆட்டிவைக்கிறது. ரத்தத்தில் அதன் அழுத்தம் ஒரு மி.மீ. பாதரசம் குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் 2 முதல் 4 சதவீதம் குறையும். 40 இருக்க வேண்டியது 30 ஆகிவிட்டால் கால் பங்குக்கு மேல் போய்விடலாம். ஏற்கெனவே இதயம் குறைவாகத் தள்ளும் நோயாளியை வென்டிலேட்டர் தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட வைத்தால் இரண்டு குறைவும் ஒன்று சேரும். ரத்த வாயுப் பரிசோதனையை அடிக்கடி செய்வது ஆக்சிஜனைப் பார்க்க மட்டுமல்ல.

துடிப்பின் ஒழுங்கும் கணக்கில் வரும். இதயத் துடிப்பு மிகவும் குறைந்து நினைவு தப்பி விழுவதை டப்ளின் மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் எழுதிவைத்தார்கள். வலிப்பு மாதிரி தெரிந்ததை இதயத்தில் தேட வேண்டும் என்று ஈசிஜி வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் கண்டுகொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஐசியூவில் நாங்கள் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஒழுங்கில்லாமல் 140, 150 என்று ஓடும்போது இதயம் நிரம்பவே நேரம் இருக்காது. மானிட்டரில் தமனியின் அலையைப் பார்த்தால் ஒரு அலை உயரமாக இருக்கும், அடுத்தது குட்டையாக இருக்கும், சில துடிப்புகளுக்கு அலையே வராது. அந்தத் துடிப்புகளில் மூளைக்குப் போனது மிகக் குறைவு. இந்த ஒழுங்கின்மையாலும் பலவீனத்தாலும் இதய அறைக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைப்பது தனி ஆபத்து.

இதயம் நின்று, சிபிஆர் கொடுத்து மீட்டவர்களின் நிலை கடினமானது. அவர்களில் பலருக்கு மூளையின் தன் பாதுகாப்பே கெட்டுப்போயிருக்கும், அல்லது அதன் எல்லை மேலே நகர்ந்திருக்கும். அப்படியென்றால் எல்லோருக்கும் பிபியை உயர்த்தி வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். டென்மார்க்கில் 789 பேரிடம் அதைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி அழுத்தத்தை 63 என்று வைத்தவர்களுக்கும் 77 என்று வைத்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதிலும் மூளை மீள்வதிலும் வித்தியாசம் தெரியவில்லை. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளிடம் பிரான்சில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்விலும், 65-70 வைத்தவர்களுக்கும் 80-85 வைத்தவர்களுக்கும் இறப்பு விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். உயர்த்தி வைத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அதிகம் வந்தது. பழைய பிபி நோயாளிகளில் மட்டும், உயர்த்தி வைத்தவர்களுக்கு டயாலிசிஸ் தேவை குறைந்தது. இந்த இரண்டையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எல்லோருக்கும் ஒரே எண் என்று வைத்து அதை மேலே ஏற்றுவதில் பலனில்லை, யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு, எல்லா இடத்திலும் கிடைக்காது. நார்வேயைச் சேர்ந்த ரூனே ஆஸ்லித் 1982இல் அறிமுகப்படுத்திய டாப்ளர் முறையில், காதுக்கு முன்னால் எலும்பு மெலிந்த இடத்தில் கருவியை வைத்து மூளைத் தமனியில் ரத்தத்தின் வேகத்தைப் பார்க்கலாம். மருந்தின் அளவை மாற்றி, அழுத்தம் ஏறும்போது வேகமும் கூடவே ஏறுகிறதா என்று பார்த்தால் அந்த நோயாளியின் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று ஊகிக்கலாம். நெற்றியில் ஒட்டும் ஆக்சிஜன் சென்சார் இன்னொன்று. இரண்டுமே ஓட்டத்தை நேராக அளப்பதில்லை, நிழலைத்தான் காட்டுகின்றன. அதனால் கருவி இல்லாத ஐசியூவில் மூளையைக் கவனிக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். சொன்னதைக் கேட்டு விரலை அழுத்துகிறாரா, காலையில் பேசியவர் மாலையில் பேசுகிறாரா என்று மணிக்கு ஒரு தடவை குறித்து வைப்பது இவற்றுக்குக் குறைந்ததல்ல.

எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரம்) போட்டவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தொடைத் தமனி வழியாக இயந்திரம் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளும்போது, நோயாளியின் இதயமும் தேற ஆரம்பித்தால் இரண்டு ஓட்டங்களும் மகாதமனியில் முட்டிக்கொள்ளும். இதயத்திலிருந்து வரும் ரத்தம்தான் மூளைக்கு முதலில் போகும். நுரையீரல் கெட்டிருந்தால் அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. காலில் 100 காட்டும், மூளைக்கு 80 போய்க்கொண்டிருக்கும். வலது கைக்கும் மூளைக்கும் மகாதமனியின் முதல் கிளையிலிருந்தே ரத்தம் போவதால், ஆக்சிஜன் கிளிப்பை வலது கையில்தான் மாட்டுவார்கள்.

உறவு எதிர்த்திசையிலும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் இதயம் திகைத்துப்போய் சுருங்க மறுப்பதைப் பார்க்கிறோம். அப்படித் தளர்ந்த இதயம் காயப்பட்ட மூளைக்கே ரத்தம் அனுப்பத் திணறும். நல்ல விஷயம், இது பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தேறிவிடும்.

உங்கள் அப்பாவிடம் திரும்புகிறேன். தெளிவில்லாமல் இருப்பதற்கு ரத்த ஓட்டம் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டுமே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயம் பலவீனமானால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தமும் குறையும். மிடாசோலம் போன்ற தூக்க மருந்துகள் உடலில் தேங்கி, நிறுத்திய பிறகும் நாட்கணக்கில் ஆளை மந்தமாக வைத்திருக்கும். யூரியா ஏற்றம், சோடியம் மாறுவது, தொற்று, வெளியே தெரியாத வலிப்பு இவற்றையும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் கேளுங்கள்: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தீர்களா, லாக்டேட் (ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது, தூக்க மருந்தை நிறுத்தி எவ்வளவு நேரம் ஆகிறது, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? அப்புறம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை: அவருக்கு வீட்டில் வழக்கமாக பிபி எவ்வளவு இருந்தது, எத்தனை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு எப்போதாவது ஒரு பக்கம் கை கால் மரத்துப்போய்ச் சரியானதுண்டா, காது கேட்பதற்குக் கருவியும் கண்ணாடியும் பயன்படுத்துபவரா? பழைய பிபி குறித்த சீட்டோ மருந்துக் கடை பில்லோ இருந்தால் நாளைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.